ஜோட் குடும்பத்தோடு பழகுவது எப்படி: 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' முதல்முறை படிப்பவர்களுக்கு

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைப் பாடத்துக்காகவோ சொந்த ஆர்வத்திலோ கையில் எடுத்திருக்கிறீர்கள், அதன் முக்கியப் பாத்திரங்களைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும், ஆனால் ஒரு லாரி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், யாரை எங்கிருந்து பிடிப்பது என்று தெரியவில்லை. பலரும் இந்த இடத்தில் இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைத் திறந்து, டாம் தைரியசாலி, அம்மா தியாகி, கேசி இயேசுவின் சாயல் என்று மூன்று வரி எழுதிக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அதில் தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை, ஆனால் நாவலைப் படிக்காமலே எழுதக்கூடியது அது. நான் சொல்லப்போகும் வழி கொஞ்சம் வேலை வாங்கும். குணங்களைத் தேடாதீர்கள், முடிவுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் முடிவெடுக்கிறார், கையில் என்ன மிச்சம் இருக்கும்போது எடுக்கிறார், யாருக்காக எடுக்கிறார், இந்த மூன்றையும் குறித்துக்கொண்டே போனால் பாத்திரங்கள் தாமாகத் தெளிவாவார்கள்.

நாவலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1939 ஏப்ரலில் வந்தது, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஓக்லஹோமாவின் சல்லிசா பக்கத்தில் குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஜோட் குடும்பம், பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, 66ஆம் நெடுஞ்சாலை வழியாகக் கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்கும் கூலி வேலை தேடிப் போகிறது. கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்த லாரியில் இருப்பவர்கள்தான்.

முதல் வேலை: ஆட்களை எண்ணுங்கள்

ஒரு தாளில் குடும்பத்தின் பெயர்களை எழுதுங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அப்பாவின் சகோதரர் ஜான், பிள்ளைகளில் நோவா, டாம், ரோஸ் ஆஃப் ஷேரன், ஆல், ரூதி, வின்ஃபீல்ட், அப்புறம் ரோஸின் கணவன் கானி. இவர்களோடு, போதனையை விட்டுவிட்ட முன்னாள் போதகர் ஜிம் கேசி. மொத்தம் 13 பேர். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்த அத்தியாயத்தில் கழன்றுகொள்கிறார் என்று குறித்து வாருங்கள். முதல் நாள் இரவே, 13ஆம் அத்தியாயத்தில், தாத்தா போய்விடுகிறார். 18இல் நோவா கொலராடோ ஆற்றங்கரையோடு நடந்து போய்விடுகிறான், அதே அத்தியாயத்தில் பாலைவனத்தைக் கடக்கும்போது பாட்டி இறக்கிறார். 20இல் கானி சொல்லாமல் ஓடிவிடுகிறான், கேசியைப் போலீஸ் பிடித்துப் போகிறது. 28இல் டாம். 30இல் ஆல், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் குடும்பத்தோடு தங்கிவிடுகிறான். கடைசிக் காட்சியில் அந்தக் கொட்டகைக்குள் நுழைவது 6 பேர்.

இந்தத் தாளைச் சுவரில் ஒட்டினாலும் சரி, புத்தகத்துக்குள் செருகினாலும் சரி, கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குடும்பம் சுருங்கச் சுருங்க, 'நாம்' என்ற சொல்லுக்குள் அவர்கள் யாரையெல்லாம் சேர்க்கிறார்கள் என்பது விரிந்துகொண்டே போகும். நாவலின் கட்டுமானமே இந்த எதிரெதிர் ஓட்டம்தான் என்பது என் கருத்து. தாள் இல்லாமல் படித்தால் இது கண்ணில் படாது.

பேச்சுமொழியைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. உரையாடல் முழுக்க ஓக்லஹோமா வட்டார வழக்கு, எழுத்துக்கூட்டலே மாறியிருக்கும், 'ஃபேமிலி' என்பது 'ஃபேம்ப்ளி' என்று வரும். அகராதியைத் திறக்காதீர்கள், அதில் இருக்காது. வாய்விட்டுப் படியுங்கள், நாலைந்து பக்கத்தில் காது பழகிவிடும்.

கதை இல்லாத அத்தியாயங்களைத் தாண்டாதீர்கள்

மொத்தம் 30 அத்தியாயங்கள். அவற்றில் 16இல் ஜோட் குடும்பமே கிடையாது. புழுதி, டிராக்டர், பழைய கார் வியாபாரிகள், சாலையோர உணவுக்கடை, அழுகும் பழங்கள் என்று பொதுவாகப் பேசிக்கொண்டு போகும். பாத்திரங்களைப் பற்றி எழுதத்தானே போகிறோம், இவை எதற்கு என்று தோன்றும். ஆனால் பாத்திரங்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கான காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது, அதனால் ஜோடி ஜோடியாகப் படியுங்கள்.

உதாரணத்துக்கு, 9ஆம் அத்தியாயத்தில் பெயர் தெரியாத குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை அடிமாட்டு விலைக்கு விற்கின்றன. எதை எரிப்பது, எதை எடுத்துப்போவது என்று தவிக்கின்றன. அடுத்த அத்தியாயத்தில் ஜோட் வீட்டு ஆண்கள் எல்லாவற்றையும் விற்று 18 டாலரோடு திரும்புகிறார்கள். அன்று இரவு அம்மா ஒரு பழைய பெட்டியைத் திறந்து, கடிதங்களையும் படங்களையும் அடுப்பில் போட்டுவிட்டு, தோடு போன்ற சில சின்ன நகைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. 9ஐப் படிக்காமல் இந்தக் காட்சிக்கு வந்தால் ஏதோ ஒரு சோகமான தருணம் என்று கடந்துவிடுவீர்கள். அந்தத் தோடுகளை நினைவில் வையுங்கள், 26ஆம் அத்தியாயத்தில் மகள் ரோஸின் காதில் ஓட்டை போட்டு அவற்றை மாட்டிவிடுவாள், நொந்துபோயிருக்கும் பெண்ணைத் தூக்கி நிறுத்த அவளிடம் அப்போது இருப்பது அவ்வளவுதான்.

அதே மாதிரி 5ஐ 6உடனும், 7ஐ அந்த ஹட்சன் லாரியுடனும், 25ஐ 26உடனும் சேர்த்துப் படியுங்கள். 25இல் விலை விழாமல் இருக்க ஆரஞ்சுப் பழங்கள் மேல் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள், 26இல் பசியோடு வந்த குடும்பம் பெட்டிக்கு 5 சென்ட் கூலிக்குப் பீச் பழம் பறிக்கிறது. நாவலின் தலைப்பில் 'ராத்' என்று இருக்கும் கோபம் எங்கே ஊறுகிறது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் தெரியும்.

அம்மாவிலிருந்து தொடங்குங்கள், டாமிலிருந்து அல்ல

கதை டாமோடு தொடங்குவதால் எல்லோரும் அவனிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் அம்மாவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அவளுக்கு நாவலில் பெயரே கிடையாது, 'மா' மட்டும்தான், ஆனால் முடிவுகளின் பட்டியலைப் போட்டால் அவள் பெயருக்கு நேரேதான் அதிகம் சேரும்.

8ஆம் அத்தியாயத்தில் அவள் அறிமுகமாகும்போதே பாருங்கள், வாசலில் வழிப்போக்கர்கள் இரண்டு பேர் சாப்பாடு கேட்டு நிற்பதாகக் கணவன் சொல்கிறான், வந்திருப்பது மகன் என்று அவளுக்குத் தெரியாது, வரச் சொல்லுங்கள் என்கிறாள். அடுத்து 10. லாரியைச் சுற்றி ஆண்கள் குந்தி உட்கார்ந்து ஆலோசிக்கிறார்கள், பெண்கள் பின்னால் நிற்கிறார்கள், பேச்சைத் தொடங்கும் உரிமை பெயரளவில் இன்னும் தாத்தாவுக்குத்தான். கேசியையும் கூட்டிப்போக முடியுமா, சோறு போதுமா என்று அப்பா அவளைக் கேட்கிறார். முடியுமா என்பதல்ல கேள்வி, செய்யப்போகிறோமா என்பதுதான் என்கிறாள். பேச்சு முடிந்தது. நின்றுகொண்டிருந்தவள் சொன்னதுதான் நடந்தது.

16இல் வழியில் சேர்ந்த வில்சன் தம்பதியின் கார் பழுதாகிறது, டாமும் கேசியும் பின்தங்கிச் சரிசெய்துவிட்டு வரட்டும், மற்றவர்கள் முன்னால் போகலாம் என்று ஆண்கள் திட்டம் போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் நல்ல திட்டம்தான். அம்மா ஜாக்கி கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் வரமாட்டேன், முடிந்தால் அடித்து ஏற்றிப் பார் என்று புருஷனிடம் நிற்கிறாள். அவர் பணிந்துபோகிறார். தலைமை கைமாறிய இடம் இதுதான் என்று நிறையப் பேர் எழுதுவார்கள், சரிதான், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் அவள் காப்பாற்றப் பார்ப்பது தன் குடும்பத்தை மட்டும்.

20இல் அகதிக் கூடாரங்கள் நடுவே அவள் குழம்பு கொதிக்கவைக்கும்போது முன்பின் தெரியாத பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இருப்பது தன் வீட்டுக்கே காணாது. என்ன செய்கிறாள்? முதலில் தன் ஆட்களுக்குப் போட்டு அவர்களைக் கூடாரத்துக்குள் அனுப்பிவிட்டு, மிச்சம் ஒட்டியிருக்கும் பாத்திரத்தை வெளியே பிள்ளைகளுக்கு விடுகிறாள். கொடுத்ததா, மறுத்ததா என்று சொல்ல முடியாத இந்த இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள், தியாகத் தாய் என்ற பொம்மைக்குள் அடங்காத அம்மா இங்கேதான் இருக்கிறாள். பிறகு 30இல், மகளின் பிரசவத்துக்கு உதவிய பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணிடம், முன்பெல்லாம் குடும்பம்தான் முதலில் என்று இருந்தது, இப்போது யாராக இருந்தாலும் சரி என்ற பொருளில் சொல்கிறாள். 16, 20, 30. மூன்றையும் வரிசையாக வைத்தால் உங்கள் கட்டுரையின் பாதி முடிந்துவிடும்.

அப்பாவைத் தனியாக அல்ல, இவளோடு சேர்த்தே படியுங்கள். 26இல், முன்பு ஆண் சொன்னது நடந்தது, இப்போது பெண் சொல்கிறாள், கம்பை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது போல என்று அவர் முணுமுணுக்கிறார். நீ சம்பாதித்துப் போட்டால் கம்பை எடு, இல்லையென்றால் நான்தான் கம்பு வைத்திருப்பேன் என்கிற மாதிரி அவள் திருப்பிக் கொடுக்கிறாள். படித்தால் சிரிப்பு வரும். அப்புறம் டாமிடம் அவளே விளக்குகிறாள்: கவலைப்பட்டே ஓய்ந்துபோகும் ஆணுக்குக் கோபத்தை மூட்டிவிட்டால் தேறிவிடுவான். வேண்டுமென்றே சீண்டியிருக்கிறாள்.

டாம்: இரண்டு கொலைகளுக்கு நடுவில்

டாமுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அவன் இரண்டு பேரைக் கொல்கிறான். நாவல் தொடங்கும் முன்னரே ஒருவன். நடன நிகழ்ச்சியில் குடிபோதைச் சண்டை, கத்தியால் குத்தியவனை மண்வெட்டியால் அடித்துவிட்டான். 7 ஆண்டு தண்டனையில் 4 ஆண்டு முடிந்து பரோலில் வந்திருக்கிறான், வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. இரண்டாவது 26இல், வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கும் கேசியைக் கம்பால் அடித்துக் கொன்றவனை, அதே கம்பைப் பிடுங்கி அடிக்கிறான். இரண்டும் சட்டென்று மூண்ட கோபம்தான். முதலாவதில் தன் உயிர், இரண்டாவதில் இன்னொருவனின் உயிர். 'யாருக்காக' என்ற உங்கள் குறிப்பில் நடந்த மாற்றத்தைப் பாருங்கள்.

இதோடு அம்மாவின் பழைய பயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 8இல் மகனைக் கண்டதும் அவள் முதலில் கேட்க நினைப்பதே, சிறை உன்னை வெறிபிடித்தவனாக்கிவிட்டதா என்பதுதான். அந்தப் பகுதியில் வளர்ந்து கொள்ளைக்காரனாகி 1934இல் சுட்டுக்கொல்லப்பட்ட 'பிரிட்டி பாய்' ஃபிளாய்டைப் பற்றிச் சொல்கிறாள், நல்ல பையனை அடித்து அடித்து மிருகமாக்கினார்கள் என்கிறாள். கோபம் மனிதனை மிருகமாக்குமா, வேறு எதாகவும் ஆக்குமா என்ற அந்தக் கேள்விக்கு டாமின் பதில் 28இல், ஒளிந்திருக்கும் இடத்தில் இருட்டில் அம்மாவிடம் விடைபெறும்போது வருகிறது. பசித்தவர்கள் சண்டையிடும் இடத்திலெல்லாம் நான் இருப்பேன் என்ற அந்தப் பேச்சை மட்டும் தனியாக வெட்டி மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது? சின்னப் பெண் ரூதி, மிட்டாய்ப் பெட்டிக்காக நடந்த சண்டையில், என் அண்ணன் ஏற்கெனவே ஆட்களைக் கொன்றவன் என்று உளறிவிட்டாள், அதனால்தான் அவன் போக வேண்டியிருக்கிறது. பெரிய பேச்சுக்குப் பின்னால் ஒரு பிள்ளைச் சண்டை. அம்மா போகும்போது 7 டாலரைக் கையில் திணிக்கிறாள். இவற்றையும் சேர்த்து எழுதினால் டாம் மேடைப் பேச்சாளனாக அல்ல, மனிதனாகத் தெரிவான்.

கேசி: எழுத்துக்களை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள்

ஜிம் கேசியின் முதலெழுத்துக்களும் இயேசு கிறிஸ்துவின் ஆங்கில முதலெழுத்துக்களும் ஒன்று, மற்றவருக்காகத் தானே பழியேற்றுச் சிறைக்குப் போகிறார், என்ன செய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே சாகிறார். ஒப்புமை உண்மைதான், ஸ்டைன்பெக் மறைக்கவும் இல்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள், எல்லா விடைத்தாளிலும் இருப்பதுதான் அது.

எழுத வேண்டியது, அவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பதை. போதகராக இருந்தவர் இப்போது நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு, கேட்பவராக மட்டும் லாரியில் வருகிறார். பாதிக் கதைவரை அவரிடம் கேள்விகள்தான். சிறையில் ஒரு நாள் புளித்துப்போன பீன்ஸ் கொடுக்கிறார்கள், ஒருவன் கத்துகிறான், ஒன்றும் நடக்கவில்லை; எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள், வேறு சாப்பாடு வருகிறது. வேதப் புத்தகத்தில் கிடைக்காத விடை அந்த பீன்ஸில் கிடைத்துவிடுகிறது. இதை 26இல் டாமிடம் சொல்லும்போது அவர் வேலைநிறுத்தக்காரர்களோடு இருக்கிறார், கூலியைப் பாதியாகக் குறைத்து பெட்டிக்கு இரண்டரை சென்ட் என்றதால் வெளியேறியவர்கள் அவர்கள். உள்ளே 5 சென்ட்டுக்குப் பறித்துக்கொண்டிருக்கும் ஜோட் குடும்பம், தெரியாமலே வேலைநிறுத்தத்தை உடைக்கும் பக்கத்தில் நிற்கிறது. நாவலின் கதாநாயகர்கள் கருங்காலிகளாக இருக்கும் இந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள்.

ரோஸ் ஆஃப் ஷேரனுக்குப் பொறுமை வேண்டும்

இவள்மேல் எல்லோருக்கும் எரிச்சல் வரும். கர்ப்பிணி, எந்நேரமும் புலம்பல், பால் கிடைக்கவில்லை, பிள்ளைக்கு ஆகாது. கானியோ ரேடியோ வேலையைத் தபால் வழியில் படித்து நகரத்தில் கடை வைக்கும் கனவிலேயே இருக்கிறான். ஓடுவதற்கு முன், ஊரிலேயே டிராக்டர் ஓட்டியிருந்தால் நாளுக்கு 3 டாலர் கிடைத்திருக்கும் என்கிறான். 5ஆம் அத்தியாயத்தில் சொந்த ஊர்க்காரர்களின் வீட்டை டிராக்டரால் இடிப்பவனும் அதே 3 டாலருக்குத்தான் செய்கிறான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ரோஸின் புலம்பலைக் கணக்கில் வையுங்கள். அவளுக்குக் கடைசிவரை 'யாருக்காக' என்பது தன் பிள்ளைக்காக மட்டும்தான். பிள்ளை இறந்தே பிறக்கிறது. வெள்ளத்திலிருந்து தப்பி ஒதுங்கிய கொட்டகையில் பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத மனிதனுக்கு அவள் தன் பாலைக் கொடுக்கிறாள். அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நடக்கிறது, யாரும் கேட்கவில்லை, யாரும் விளக்கவில்லை. வெளிவந்த காலத்திலிருந்தே இந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காவிட்டால் அப்படியே எழுதுங்கள், ஆனால் முந்தைய அவளது புலம்பல்களிலிருந்து இரண்டையாவது எடுத்துக்காட்டிவிட்டு எழுதுங்கள்.

மற்றவர்களும் வில்லனும்

ஜானைக் குற்ற உணர்வு ஆட்டுகிறது. வயிற்றுவலி என்று சொன்ன மனைவிக்கு டாக்டரைக் கூப்பிடாமல் விட்டுச் சாகக் கொடுத்தவர். ஆலுக்கு எஞ்சினும் பெண்களும். நோவாவை யாருமே சரியாகப் பார்ப்பதில்லை, அவன் போனபின்பும். ஊரை விட்டு வரமாட்டேன் என்று காலியான நிலங்களில் பேயாகத் திரியும் ம்யூலியை மட்டும் ஒரு பத்தியில் டாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பலன் இருக்கும்.

வில்லன் யார் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். 5இல் வீடு இழக்கும் குத்தகைக்காரன் யாரைச் சுடுவது என்று கேட்கிறான். டிராக்டர்காரன் உத்தரவு கொடுத்தவரைக் காட்டுகிறான், அவருக்கு மேலே வங்கி, வங்கிக்கு உத்தரவு கிழக்கிலிருந்து. 22இல் தாமஸ் என்ற சின்ன விவசாயி, மணிக்கு 30 சென்ட் கொடுக்க மனசிருந்தும், விவசாயிகள் சங்கமும் வங்கியும் நெருக்குவதால் 25தான் தருகிறார், ஆனால் கூலிக்காரர்களுக்கு எதிரான சதியை ரகசியமாக எச்சரிப்பவரும் அவர்தான்.

பின்னணியை எவ்வளவு படிப்பது

அளவோடு. ஸ்டைன்பெக் 1936 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்குப் புலம்பெயர்ந்த கூலிகளைப் பற்றித் தொடர் எழுதியவர், கலிஃபோர்னியாவில் ஆர்வின் பக்கத்தில் இருந்த வீட்பாட்ச் அரசு முகாமையும் அதன் மேலாளர் டாம் காலின்ஸையும் நேரில் அறிந்தவர். நாவல் காணிக்கையாக்கப்பட்ட இருவரில் அவரும் ஒருவர். அந்த முகாம் இருக்கும் கெர்ன் கவுண்டியிலேயே நூலகங்களிலும் பள்ளிகளிலும் நாவலைத் தடைசெய்தார்கள். இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. சல்லிசா இருப்பது கிழக்கு ஓக்லஹோமாவில், பெரும் புழுதிப் புயல்கள் அடித்தது மேற்கு மூலையில். ஜோட் குடும்பத்தைத் துரத்தியது புழுதி மட்டும் என்று எழுதாதீர்கள், கடனும் டிராக்டரும்தான் பெரிய காரணம். இன்னொன்று, கலிஃபோர்னியா வயல்களில் அதற்கு முன்பே பாடுபட்ட மெக்சிகோக்காரர்களும் ஃபிலிப்பினோக்களும் இந்த நாவலில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நல்ல கட்டுரை அதையும் கேட்கும்.

ஜான் ஃபோர்டின் 1940 படத்தைப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை நம்பிப் பரீட்சை எழுதாதீர்கள். நாவலில் ஜோட் குடும்பம் முதலில் அரசு முகாமில் தங்கிவிட்டுத்தான் பழத்தோட்டத்துக்குப் போகிறது, படத்தில் பழத்தோட்டம் முன்னால், அரசு முகாம் பின்னால் என்று வரிசை மாறியிருக்கும், பிரசவமும் கொட்டகையும் கிடையாது.

எழுதும்போது

'மா வலிமையான, அன்பான தாய்' என்று எழுதினால் அது எந்த நாவலின் தாய்க்கும் பொருந்தும். 'ஜாக்கி கம்பியோடு குடும்பத்தைப் பிரியவிடாமல் நின்ற மா, நாலு அத்தியாயம் கழித்து வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாத்திரத்தைச் சுரண்ட விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்' என்று எழுதினால் இந்த நாவலுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு பொருளோ ஒரு தொகையோ ஒரு செயலோ இருக்கட்டும். தோடு, 7 டாலர், பீன்ஸ். அடைமொழிகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

முழுதாகப் படித்துவிட்டீர்கள், நாளைக்குப் பரீட்சை, ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் 8, 10, 16, 20, 26, 28, 30 ஆகிய ஏழையும் திரும்பப் படியுங்கள். 26தான் மிக நீளமானது, அதை முதலில் முடித்துவிடுங்கள்.